ஒய்பிசிஓ மிதவை கிட்: காசு வில்லைக்குத்தான்

மீகடத்தி (குளிர்வித்தால் மின்தடை முற்றிலும் இல்லாமல் போகும் பொருள்) கிட் என்று விற்பவை எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்: கறுப்பு மீகடத்தி வில்லை, நியோடிமியம் காந்தம், தெர்மாகோல் கிண்ணம், பிளாஸ்டிக் இடுக்கி. வித்தியாசமெல்லாம் வில்லையில்தான். தூளை அழுத்திச் சுட்டதாக இருந்தால் காந்தம் சில மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கும், தட்டினால் சரிந்துவிடும். உருக்கி ஒரே படிகமாக வளர்த்ததில் காந்தத்தைத் தலைகீழாகவே தொங்கவிடலாம். சேர்மம் இரண்டிலும் அதே இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு, சுருக்கமாக ஒய்பிசிஓ; சுமார் 92 கெல்வினில் (−181 டிகிரி செல்சியஸ்) மீகடத்தியாகும். சுட்ட வில்லையில் துகள்கள் ஒட்டும் இடங்களில் மின்னோட்டம் பலவீனப்படுகிறது, அவ்வளவுதான். விவரத்தில் ‘ஒற்றைப் படிகம்’ என்று இல்லாவிட்டால் சுட்டது என்றே கொள்ளுங்கள்.

கையேடுகள் மிதப்பதற்கெல்லாம் மைஸ்னர் விளைவை, அதாவது மீகடத்தி காந்தப்புலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியே தள்ளுவதை, காரணம் காட்டுகின்றன. பாதிதான் சரி. காந்தம் ஒரே இடத்தில் பூட்டியதுபோல் நிற்பது, காந்தப் பாயம் (காந்தப்புலக் கோடுகள்) படிகக் குறைகளில் சிக்கிக்கொள்வதால். அதைப் பார்க்க, வில்லைக்கும் காந்தத்துக்கும் நடுவே 5 முதல் 10 மில்லிமீட்டர் மரத்துண்டு வைத்து, அதன் பிறகு திரவ நைட்ரஜன் ஊற்றுங்கள். கொதிப்பு அடங்கினால் வில்லை 77 கெல்வினுக்கு வந்துவிட்டது, துண்டை உருவலாம். வேறு உயரத்தில் பூட்ட வேண்டுமென்றால் வில்லையை முழுதாகச் சூடேறவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். இந்தப் பூட்டுதான் தொழில்நுட்பத்துக்கு வேண்டியது. அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முயலும் இணைவு உலைகளின் காந்தங்களுக்கான மீகடத்தி நாடாக்களில் வேண்டுமென்றே நுண்குறைகளைச் சேர்ப்பது இதற்காகத்தான். அத்தகைய நாடாவால் சுற்றிய காந்தம் ஒன்று 2021-ல் 20 டெஸ்லா காந்தப்புலத்தைத் தொட்டது.

மின்தடை அளக்கும் வகை வாங்கினால் நான்கு கம்பிகள் இருக்கிறதா பாருங்கள்: இரண்டு மின்னோட்டம் விட, இரண்டு மின்னழுத்தம் அளக்க. இரண்டே கம்பி என்றால் இணைப்புகளின் தடையும் சேர்ந்து வரும், பூஜ்ஜியம் ஒருபோதும் தெரியாது. 10 மில்லியோம் வில்லையில் 100 மில்லியாம்பியர் விட்டால் கிடைப்பது 1 மில்லிவோல்ட். மலிவு மல்டிமீட்டர் 0.1 மில்லிவோல்ட் படியில் காட்டுவதால் வரைபடம் படிக்கட்டாகத்தான் வரும். மைக்ரோவோல்ட் காட்டும் மீட்டர் தேவை, அது கிட்டில் வராது. ஒவ்வொரு அளவிலும் மின்னோட்டத் திசையை மாற்றி இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். வெப்பத்தால் எழும் போலி மின்னழுத்தம் கழிந்துவிடும்.

நைட்ரஜனை மூடிய பாத்திரத்தில் அடைக்கக் கூடாது: 1 லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். சிறு அறையில் ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

வில்லை பாழாவது பெரும்பாலும் சோதனை முடிந்த பிறகுதான். சூடேறும்போது மேலே படியும் பனி உருகி, ஈரம் பேரியத்தோடு வினைபுரிந்து மேற்பரப்பை வெளுக்கச் செய்யும். துடைத்து, வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.