ஆபீஸ் கட்ட டிசைன் சர்வீஸ்: புயலுக்கும் தாங்கணும், கரண்ட் பில்லும் குறையணும்னு கேட்டோம்

சென்னை துரைப்பாக்கம் பக்கம் சின்னதா ஒரு ஆபீஸ் கட்டினோம், கிரவுண்ட் ப்ளஸ் 2, ஒரு ஃப்ளோர் ஆயிரம் சதுர அடி. டிசைன் பண்ணது ஒரு ஆர்க்கிடெக்ட் மேடமும் அவங்ககூட ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும். குறையும் சேர்த்தே எழுதப்போறேன், அதனால பேர் வேணாம்.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடிச்சப்போ நாங்க வாடகைக்கு இருந்த ஆபீஸ்ல முன்பக்கம் பூரா கண்ணாடி. ரெண்டு கண்ணாடிதான் உடைஞ்சுது, ஆனா ஃபால்ஸ் சீலிங் மொத்தமும் பிச்சுக்கிட்டு விழுந்துச்சு, ஏன்னே அப்ப புரியல. காத்தடிக்கிற பக்கம் ஒரு ஓட்டை விழுந்தா உள்ள காத்து புகுந்து பலூன் மாதிரி எல்லாத்தையும் தள்ளும், அதே நேரம் கூரைக்கு மேல போற காத்து உறிஞ்சும், ஷீட்டெல்லாம் பறக்குறது இப்படித்தான்னு இந்த இன்ஜினியர் சொல்லித்தான் தெரியும்.

இந்த தடவயும் நான் கண்ணாடி கட்டடம் போட்டோவோடதான் போனேன் (திருந்தவே இல்ல). மனை மேற்கு பார்த்தது சார், சாயங்கால வெயில் நேரா உள்ள வரும், சன்ஷேடெல்லாம் அந்த சாய்வு வெயிலுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு மேடம் ஒரே பேச்சுல முடிச்சுட்டாங்க. மேற்கு சுவர் ஏஏசி பிளாக் (உள்ள காத்துக் குமிழியா இருக்குற லேசான கான்கிரீட் கல், சூட்டை சட்டுன்னு உள்ள விடாது), சின்ன ஜன்னல், பக்கத்துல நெட்டுக்குத்தா கான்கிரீட் தடுப்பு, பெரிய ஜன்னலெல்லாம் வடக்குல. கண்ணாடி லேமினேட்டட், அதாவது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினது, உடைஞ்சாலும் ஃப்ரேம்லயே ஒட்டிக்கிட்டு நிக்குமாம். ஏசிக்காரர் 15 டன் கேட்டார், இவங்க கணக்குல 10 டன், மே மாசமே அது போதுமா இருந்துச்சு.

காத்து கணக்குதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. கட்டடம் எவ்வளவு காத்தைத் தாங்கணும்னு சொல்ற இந்திய தரநிலை ஐஎஸ் 875 பார்ட் 3ல சென்னைக்கு காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர்னு இருக்கு, அதாவது மணிக்கு 180 கி.மீ., அந்த வேகத்துல ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம், வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு. கடற்கரையிலேர்ந்து 60 கி.மீ.க்குள்ள ஆஸ்பத்திரி மாதிரி கட்டடத்துக்கு வேகத்தையே 1.3 மடங்கா எடுக்கணுமாம், நம்ம மாதிரி ஆபீஸுக்கு அது வேணாம். சோலார் பேனல மாடி ஓரம் வரைக்கும் அடுக்கலாம்னு சோலார் ஆள் சொன்னார், ஓரத்துலயும் மூலையிலயும்தான் காத்து அதிகமா உறிஞ்சும்னு இன்ஜினியர் விடல, உள்ள தள்ளி வச்சு போல்ட் போட்டு தளத்தோட பிடிச்சாச்சு. நாலு பேனல் குறைஞ்சுது, போகட்டும்.

இப்ப குறை. டிராயிங் வர ரெண்டு மாசம் லேட், கொத்தனாரும் கம்பி கட்டுறவங்களும் சும்மா உக்காந்திருந்த கூலி எங்க தலைல. அப்புறம் படிக்கட்டுக்கு காத்தோட்டம் வேணும்னு வடக்கு பக்கம் ஓட்டை ஓட்டையா இருக்குற சிமெண்ட் ஜாலி வச்சாங்க, வெயில் காலத்துல அருமை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வந்தப்போ வாடைக் காத்துல மழை படுக்கையா அடிச்சு ரெண்டு மாடி படியும் ஆறு மாதிரி ஓடுச்சு. கண்ணாடி ஒண்ணுகூட அசையல, சரி, ஆனா அது வர்தா மாதிரி காத்து இல்லயே, நிஜமான பரீட்சை இன்னும் வரல. ஜாலிய பத்தி கேட்டப்போ மேடம் தப்புன்னு ஒத்துக்கிட்டு, உள்பக்கம் மூடித் திறக்குற மாதிரி அலுமினிய லூவர் (பட்டை பட்டையா இருக்குற தடுப்பு) அவங்க செலவுலயே போட்டுக் கொடுத்தாங்க.

5க்கு 4 ஸ்டார். அவங்ககிட்ட போறவங்க டிராயிங் தேதிய மட்டும் அக்ரிமெண்ட்ல எழுதி வாங்கிக்கோங்க.