வினைல் ரேப் ஒட்டிய கார், நான்கு வருடத்துக்குப் பிறகு

என் காருக்கு சாட்டின் (அரைப் பளபளப்பு) கருஞ்சாம்பல் நிறத்தில் முழு வினைல் ரேப், அதாவது பெயிண்டின் மேல் ஒட்டும் நிற பிளாஸ்டிக் ஃபிலிம், ஒட்டி நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. கதவுகளைப் பார்த்தால் போன மாதம் ஒட்டியது என்றே சொல்வார்கள். பானெட்டும் கூரையும் லேசாக வெளுத்திருக்கின்றன. முன் பம்பரின் அடிப்பக்கம் ஓரம் தூக்கியதைச் சரிசெய்திருக்கிறேன். எல்லாம் ஒரே ரோலில் வெட்டியது, ஒரே கை ஒட்டியது. ஆனாலும் இடத்துக்கு இடம் இவ்வளவு வித்தியாசம். இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: ரேப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது நாம் வாங்கிப் பூசும் பாட்டில்கள் அல்ல, வெயிலும் ஓரங்களும்தான்.

வினைல் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை வளையக்கூடியதாக வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் மென்மையாக்கிகள். வெயிலின் புறஊதாக் கதிர்கள் நிறத்தையும் மென்மையையும் சேர்த்தே தின்கின்றன. படுக்கைவாட்டில் இருக்கும் பானெட், கூரை, டிக்கி மூடி மீது வெயில் நேராக இறங்குகிறது, கதவு மீது சாய்வாகத்தான் படுகிறது. உத்தரவாத அட்டையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். படுக்கைவாட்டுப் பரப்புக்குக் குறைந்த காலமும் செங்குத்துப் பரப்புக்கு அதிக காலமும் பெரும்பாலும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அதனால் நிழலில் நிறுத்துவதைவிடப் பெரிய பராமரிப்பு கிடையாது. கார் கவர் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தூசி படிந்த காரின் மேல் கவரை இழுத்தால் அது உப்புத்தாள் வேலை செய்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஃபிலிம் காஸ்ட் வகையா, காலண்டர்டு வகையா என்பது. காஸ்ட் ஃபிலிமைத் திரவமாக ஊற்றிப் பரப்பி உலரவைத்துத் தயாரிக்கிறார்கள். சுமார் 50 மைக்ரான் தடிமன், பசையையும் சேர்த்தால் 80 முதல் 100 வரை. காலண்டர்டு வகையை உருளைகளுக்கு இடையே நசுக்கி நீட்டுகிறார்கள். அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடுவதால் நாளடைவில் சுருங்கும், வளைவுகளில் பிரியும். விலை குறைவு என்று அதை முழுக் காருக்கும் ஒட்டினால் பிறகு எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கழுவினாலும் பிரயோஜனம் இல்லை.

சரி, கழுவும் விஷயம். நான் கையால்தான் கழுவுகிறேன். பிஹெச் சமநிலை ஷாம்பு, இரண்டு வாளி, மைக்ரோஃபைபர் கையுறை, அவ்வளவுதான். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலசச் சுத்தத் தண்ணீர். பிரஷ் சுழலும் தானியங்கி வாஷ் பக்கம் போகவே வேண்டாம். அந்த நார்கள் மேற்பரப்பைக் கீறுவதோடு ஓரங்களையும் கொக்கி போட்டு இழுக்கும். பிரஷர் வாஷர் பயன்படுத்தலாம், அளவோடு. 2000 பிஎஸ்ஐக்குக் கீழே அழுத்தம், 40 டிகிரி அகல நாசில், குறைந்தது 30 செ.மீ. தள்ளி, பரப்புக்கு நேராகப் பிடித்து அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் தண்ணீர் ஓரத்துக்கு அடியில் புகுந்து ஃபிலிமைத் தூக்கிவிடும். புதிதாக ஒட்டிய காரைப் பசை நன்றாகப் பிடிக்கும்வரை, ஒரு வாரமாவது கழுவாமல் விடுங்கள்.

மேட் (பளபளப்பு இல்லாதது), சாட்டின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. மெழுகு, பாலிஷ் எதுவும் வேண்டாம். மேட் தோற்றம் வருவதே மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளத்தால்தான். மெழுகு அந்தப் பள்ளத்தை நிரப்பித் திட்டுத் திட்டாகப் பளபளக்க வைக்கும். அழுத்தித் தேய்த்தாலும் அதே கதிதான், அந்தப் பளபளப்பை மறுபடி மேட் ஆக்க வழியே இல்லை.

பறவை எச்சத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். என் பானெட்டில் இடது விளக்குக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது. நகத்தால் வருடினால் ஒன்றும் தட்டாது. ஆனால் மாலை வெயில் சாய்வாக விழும்போது, நடுவில் மங்கி விளிம்பு மட்டும் கருத்த ஒரு வளையம் தெரியும். காரை வெயிலில் விட்டுவிட்டு வெளியூர் போயிருந்த நேரத்தில் காய்ந்து இறுகிய எச்சம் அது. பெயிண்டாக இருந்தால் அதன் மேலுள்ள நிறமற்ற பூச்சை (கிளியர் கோட்) மெல்லத் தேய்த்து எடுத்துவிடலாம். வினைலில் தேய்த்து எடுக்க ஒன்றும் கிடையாது. எச்சமோ, மரப்பிசினோ, பூச்சியோ விழுந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள், சுரண்டாதீர்கள். பிசின் விடாப்பிடியாக நின்றால் இரண்டு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, உடனே தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பெட்ரோல் சிந்தினால் அந்த நிமிடமே துடைக்க வேண்டும். எரிபொருள் மூடியைச் சுற்றி ஃபிலிம் உப்பி நிற்கும் கார்களைக் கவனித்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஓரங்கள். கழுவித் துடைத்தபின் கதவு விளிம்பு, சக்கர வளைவு, பம்பரின் அடி, கைப்பிடிக் குழி என்று ஒரு சுற்று விரலை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். கண்ணுக்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிடும். பம்பரில் தூக்கிய இடத்தை அப்படித்தான் பிடித்தேன். அப்போது மண் உள்ளே போயிருக்கவில்லை. ஆல்கஹால் கலவையால் துடைத்து, ஹேர் டிரையரால் சூடுகாட்டி, உள்ளிருந்து வெளியே அழுத்தி ஒட்டியதும் நின்றுவிட்டது. பசையில் ஏற்கெனவே தூசி படிந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி, புதுத் துண்டு போடுவதுதான் சரி. சூப்பர் க்ளூ வைப்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள், பின்னால் கழற்றும்போது பெயிண்டையும் சேர்த்து எடுக்கும்.

ஃபிலிமின் மேல் செராமிக் கோட்டிங் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சு போட்டதில் எனக்குத் திருப்தி. வினைலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடி வாங்க வேண்டும். தண்ணீர் உருண்டு ஓடுகிறது, அழுக்கு எளிதில் விடுகிறது, கழுவும் நேரம் குறைகிறது. கல்லடியை அது தடுக்காது. கல்லடிக்கு பிபிஎஃப், அதாவது பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம்தான் வேண்டும். அது பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான் தடிமன், மெல்லிய கீறலைச் சூட்டில் தானே ஆற்றிக்கொள்ளும் வகைகளும் உண்டு. வினைல் ரேப்பை அந்த அளவுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாந்து போகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். அது முதலில் நிறத்துக்கானது.

ஒட்டியவரிடம் மீதமான ஃபிலிமைக் கேட்டு வாங்கி, ரோல் எண்ணோடு சுருட்டி நிழலில் வைத்திருங்கள். மடிக்க வேண்டாம், மடிப்பு நிரந்தரமாகத் தங்கும். நிறம் ரோலுக்கு ரோல் லேசாக மாறும், மெட்டாலிக் என்றால் ஒட்டும் திசை மாறினாலே வேறு நிறமாகத் தெரியும்.

இந்த ரேப்பை இன்னும் அதிக நாள் வைத்திருக்கப் போவதில்லை. காலம் கடந்த ஃபிலிம் இறுகித் துண்டு துண்டாகப் பிய்யும், பசை பெயிண்டிலேயே தங்கிவிடும். பானெட்டும் கூரையும் இப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருக்கின்றன, சூடுகாட்டி இழுத்தால் முழுசாக வரும் நிலை. அடுத்ததற்கும் சாட்டின் காஸ்ட் ஃபிலிம்தான், பம்பர் முகப்பிலும் பானெட்டின் முன்விளிம்பிலும் மட்டும் அதன்மேல் சாட்டின் பிபிஎஃப் போடச் சொல்லியிருக்கிறேன்.