கோல்டன் கேட்டா, கேட்வேயா?

1972 அக்டோபர் 27 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்தில் இரண்டு பூங்காக்கள் பிறந்தன. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட், நியூயார்க்கில் கேட்வே. நகரத்து மக்கள் தொலைதூரம் போகாமலே தேசியப் பூங்காவில் கால் வைக்க வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் நோக்கம்.

கோல்டன் கேட்டுக்குக் கிடைத்த நிலமே அழகு. ராணுவம் கோட்டைகளுக்காகப் பிடித்து வைத்திருந்ததால் குன்றுகளில் கட்டடக்காரர்கள் நுழையவில்லை. வளைகுடா வாய்க்கு வடக்கே இருக்கும் மரின் பக்கம் மட்டும் சுமார் 30,000 பேருக்கான புதுநகரம் வர இருந்தது; மக்கள் எதிர்த்துப் போராடி நிறுத்தினார்கள். கிரிஸ்ஸி ஃபீல்டில் பழைய ராணுவ விமானத்தளத்தின் தாரைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டி, கடல் ஓதம் வந்துபோகும் சதுப்பை மீட்டார்கள். இன்று அங்கே ஒரு பக்கம் நாரை, மறுபக்கம் ஜாகிங். நல்ல கேமராக்காரர்களுக்கு இதுவே சொர்க்கம்.

கேட்வேக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்குள் இருக்கும் ஜமைக்கா விரிகுடாவின் தலைக்கு மேலேயே கென்னடி விமான நிலையத்து விமானங்கள் இறங்கும். 2012இல் சாண்டி புயல் அங்கிருந்த நன்னீர்க் குளத்தின் கரையை உடைத்து, உப்புநீரை உள்ளே விட்டது. சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆயின.

ஆனால் எனக்குக் கேட்வேதான் பெரிய சாதனையாகப் படுகிறது. நியூயார்க்கின் சப்வே, அதாவது சுரங்க ரயில், டிக்கெட் ஒன்று எடுத்தால் போதும்; பிராட் சேனல் நிலையத்தில் இறங்கி நடந்தே பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடலாம். கோல்டன் கேட்டின் மரின் குன்றுகளுக்குக் கார் இல்லாமல் போவது கொஞ்சம் சிரமம்தான்.