ஃபாதர் டெட் எந்த நாட்டுக்காரர்?

ஃபாதர் டெட் என்ற தொலைக்காட்சித் தொடரை "பிரிட்டனின் அருமையான காமெடி" என்று யாராவது புகழ்ந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் அயர்லாந்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். 2004இல் பிபிசி நடத்திய "பிரிட்டனின் சிறந்த சிட்காம்" (சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்) வாக்கெடுப்பில் இதற்கு 11ஆம் இடம். அயர்லாந்திலோ இதன் வசனங்கள் அன்றாடப் பேச்சில் கலந்து கிடக்கின்றன. இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடக் காரணம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ள காரணங்கள் அல்ல.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கிரேகி என்ற கற்பனைத் தீவு. மேலிடத்துக்குத் தலைவலியாகிப்போன மூன்று கத்தோலிக்கப் பாதிரியார்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். டெட் மேல் நன்கொடைப் பணத்தில் கை வைத்த புகார். பணம் தன் கணக்கில் சும்மா ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது என்பது அவர் தரும் விளக்கம். டூகலுக்கு உலகமே புரியாது. ஜாக் எப்போதும் போதையில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் டாயில், வேண்டாம் வேண்டாம் என்றாலும் டீ குடிக்க வைக்காமல் விடமாட்டார். 1995 முதல் 1998 வரை மூன்று சீசன், நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு, மொத்தம் 25 எபிசோட்.

முதலில் பிரிட்டன் தரப்பு. காகிதத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வதென்றால் வழக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒளிபரப்பியது பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி. தயாரித்தது லண்டனில் இருக்கும் ஹேட் ட்ரிக் நிறுவனம். 1996, 1999 இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த காமெடிக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது வாங்கியது. பணத்தோடு உருவத்தையும் தந்தது லண்டன்தான். ஆர்தர் மேத்யூஸ் மேடைகளில் செய்துவந்த ஒரு பாதிரியார் வேடம்தான் டெட்டின் விதை. அதை அவரும் கிரஹாம் லினஹனும் ஆவணப்படம் போன்ற பாவனையில் ஒரு தனி நிகழ்ச்சியாக எழுத நினைத்திருந்தார்கள். சிட்காமாக்கலாமே என்று சொன்னவர் ஜெஃப்ரி பெர்கின்ஸ், ஆங்கிலேயத் தயாரிப்பாளர். அரை மணி நேரம், நிரந்தரமான ஒரு வரவேற்பறை, எதிரே உட்கார்ந்து சிரிக்கும் ஸ்டூடியோ கூட்டம் என்ற அந்த அச்சு பிரிட்டிஷ் தொலைக்காட்சி பல பத்தாண்டுகளாகப் பழக்கியது.

அயர்லாந்து இதைச் செய்திருக்க முடியாதா? அங்கே அப்போது மக்கள்தொகை 36 லட்சம் சொச்சம். அதை நம்பி அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ ஒரு சிட்காமில் இவ்வளவு செலவழிப்பது லேசான காரியம் இல்லை. ஆர்டிஇயிடம் முதலில் கொண்டுபோனார்கள், அவர்கள் துரத்திவிட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அப்படி நடக்கவே இல்லை, அவர்களிடம் கொண்டுபோகவே இல்லை என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கதை சாகவில்லை. டெட்டாக நடித்த டெர்மட் மோர்கனின் அரசியல் நையாண்டி வானொலி நிகழ்ச்சி ஆர்டிஇயில் சக்கைப்போடு போட்டு 1991இல் நின்றுபோனது. அந்தக் கசப்பு இந்த வதந்திக்கும் தீனி போட்டிருக்க வேண்டும்.

சரி, இனி அயர்லாந்து தரப்பு. எழுதிய இருவரும் அயர்லாந்துக்காரர்கள். டெர்மட் மோர்கன், ஆர்டல் ஓஹான்லன், ஃபிராங்க் கெல்லி, பாலின் மெக்லின் என்று முக்கிய நடிகர்கள் நால்வரும் அப்படியே. முதல் இரண்டு சீசன்களை இயக்கிய டெக்லன் லவ்னியும் அந்த ஊர்தான். இசையமைத்த நீல் ஹேனன் பிறந்தது டெரியில். அது பிரிட்டன் ஆட்சியில் இருக்கும் வட அயர்லாந்து என்பதால் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னொரு சண்டையே போடலாம், இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

படம்பிடித்த விதத்திலேயே இந்த இழுபறி பதிவாகியிருக்கிறது. பாதிரியார்கள் குடியிருக்கும் பங்கு இல்லத்தின் வெளிப்புறம் கிளேர் மாவட்டத்தில் உள்ள உண்மையான பண்ணை வீடு. சுற்றிலும் கல்லும் காற்றும். தொடக்கக் காட்சியில் தெரியும் துருப்பிடித்த கப்பல், 1960இல் இனிஷியர் தீவில் கரை ஒதுங்கிய பிளாஸி. ஆனால் உள்ளே இருக்கும் வரவேற்பறை லண்டனில் தேம்ஸ் கரை ஸ்டூடியோவில் போட்ட செட். டெட் கதவைத் திறந்து வெளியே காலடி வைத்தால் கிளேர், திரும்பி உள்ளே வந்தால் லண்டன். ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் ஒரு கடலையே தாண்டுகிறார்! செட்டுக்கு எதிரே அமர்ந்து சிரித்த கூட்டமும் லண்டன் கூட்டமே.

ஆள்கணக்கு, இடக்கணக்கு எல்லாம் ஓரளவுக்குத்தான் பேசும். எனக்கு முக்கியமாகப் படுவது, நகைச்சுவை யாருடைய ஞாபகத்தை நம்பி நிற்கிறது என்பது. தொடரில் வரும் ஆயர் பிரென்னனை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் அதட்டும் அவருக்கு அமெரிக்காவில் ரகசியமாக ஒரு மகன். லண்டனில் பார்ப்பவருக்கு இது பொதுவான "போலிச் சாமியார்" ஜோக். அயர்லாந்தில் அப்படி இல்லை. 1992 மே மாதம் கால்வே ஆயர் ஈமன் கேசிக்கு அமெரிக்காவில் பதின்வயது மகன் இருப்பது வெளிவந்து, அவர் பதவி விலகி, நாடே அதிர்ந்துபோயிருந்தது. தொடர் ஆரம்பித்த 1995ஆம் ஆண்டின் கடைசியில்தான் விவாகரத்துக்கு அனுமதி தரலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்ற பக்கம் ஜெயித்தது சுமார் 9,000 வாக்கு வித்தியாசத்தில். திருச்சபையின் பிடி அப்படித் தளர்ந்துகொண்டிருந்த நாட்டில், பாதிரியார்களைப் பார்த்துக் கோபமில்லாமல் சிரிக்கவைத்தது இந்தத் தொடர்.

யூரோவிஷன் எபிசோடும் இதே வகை. 1992, 93, 94 என்று வரிசையாக மூன்று ஆண்டுகள் அயர்லாந்து யூரோவிஷன் என்ற அந்த ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் ஜெயித்தது. ஜெயித்த நாடு அடுத்த ஆண்டு செலவு செய்து விழாவை நடத்த வேண்டும். எனவே தோற்பதற்கென்றே படுமோசமான ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது டெட்டும் டூகலும் ஒரு குதிரையைப் பற்றிப் பாடுவது. பூஜ்ஜியம் புள்ளி, எல்லோருக்கும் நிம்மதி. இதில் பெரிய வேடிக்கை, எபிசோட் வந்த அதே 1996இல் அயர்லாந்து மறுபடியும் ஜெயித்துத் தொலைத்தது.

இன்னொரு எபிசோடில் மிஸஸ் டாயிலும் அவர் தோழியும் டீக்கடையில் பில் கொடுப்பது யார் என்று தொடங்கி, "நீ வை, நான் தர்றேன்" கைகலப்பாகி, போலீஸ் ஸ்டேஷன் வரை போகிறார்கள். நமக்கு இதற்கு அடிக்குறிப்பே வேண்டாம்.

எல்லா ஜோக்கும் அயர்லாந்து மண்ணில் முளைத்தது என்று சொல்லவரவில்லை. கேரவனுக்குள் உட்கார்ந்து பொம்மை மாடுகளைக் காட்டி, "இவை சின்னவை, வெளியே நிற்பவை தூரத்தில் இருக்கின்றன" என்று டூகலுக்கு டெட் பாடம் நடத்தும் காட்சிக்கு எந்த நாட்டு முத்திரையும் கிடையாது. இதை வைத்து, அபத்த நகைச்சுவை பிரிட்டனின் சொத்து, ஆகவே தொடரும் பிரிட்டனுடையது என்று வாதிடுபவர்கள் உண்டு. அபத்தத்துக்கு யாரும் பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை.

என் தீர்ப்பு: பிரிட்டன் பெற்றுப்போட்ட அயர்லாந்துத் தொடர். மக்கு ஐரிஷ்காரன் என்ற வேடத்தை வைத்து இங்கிலாந்து மேடைகள் நீண்ட காலம் பிழைத்தன. இங்கும் டூகல் மக்குதான், ஜாக் குடிகாரர்தான். ஆனால் அவர்களை ஏளனமாகப் பார்க்க ஒரு புத்திசாலி ஆங்கிலேயப் பாத்திரம் நடுவில் வைக்கப்படவில்லை. புத்திசாலி, முட்டாள், அயோக்கியன் எல்லோரும் உள்ளூர் ஆட்களே. அந்த வீட்டைப் பார்க்கும் கண்ணும் உள்ளூர்க் கண்.

காகிதம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மிஸஸ் பிரவுன்ஸ் பாய்ஸ் தொடரே சாட்சி. டப்ளின்காரர் பிரெண்டன் ஓகாரல் எழுதி, தானே அம்மா வேடம் கட்டுகிறார். ஆர்டிஇயும் பிபிசியும் சேர்ந்து தந்தது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ ஸ்டூடியோவில் படம்பிடித்தது. ஆர்டிஇ பெயர் இருப்பதால் காகிதப்படி இது டெட்டைவிட அதிக ஐரிஷ். ஆனால் அதே குடும்பத்தை லிவர்பூலுக்கு வீடு மாற்றினால் முக்கால்வாசி ஜோக் சேதமில்லாமல் போய்ச் சேரும். டெட்டை அப்படி மாற்றிப் பாருங்கள், ஆயரும் இருக்கமாட்டார், யூரோவிஷன் கவலையும் இருக்காது.

அப்புறம் டெரி கேர்ள்ஸ். லிசா மெக்கீ எழுதியது, 2018 முதல் 2022 வரை வந்தது. மறுபடியும் சேனல் 4, மறுபடியும் ஹேட் ட்ரிக். கதை நடப்பது 1990களின் டெரி நகரக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில். இரண்டாம் சீசனில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்து உங்களுக்குள் ஒற்றுமை என்னவென்று ஒரு பாதிரியார் கேட்கிறார். வேற்றுமைகளால் கரும்பலகை நிரம்பி வழிகிறது, ஒற்றுமைக்கான பக்கத்தில் எழுத ஆளில்லை. அந்தப் பலகையைப் பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். கடைசி எபிசோடில் பாத்திரங்கள், வட அயர்லாந்தின் நீண்ட மோதலை முடிக்க வந்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கப் போகிறார்கள். வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டது அந்த ஒப்பந்தம். டெட் விஷயத்தில் "இரண்டும்தான்" என்று யாராவது சொன்னால் சண்டையிலிருந்து நழுவுகிறார் என்று பொருள். டெரி கேர்ள்ஸ் விஷயத்தில் அதே பதிலை நான் ஒத்துக்கொள்வேன்.