பிராண்டை நம்பி 41,500 ரூபாய் கொடுத்தேன்: முதல் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

2024 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ராத்திரி என் மகள் தன் லேப்டாப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் புத்தகங்களோடு சேர்த்து அதையும் சாமிக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாங்கி இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. துடைக்கும்போது 3-ம் எண் விசையின் மேல்பக்கம் ஓரமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. “அப்பா, இங்க பாருங்களேன்” என்று கூப்பிட்டாள். நகத்தால் நிமிண்டினேன், முழுசாக உரிந்து வந்துவிட்டது. அது ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் 3-க்கு மேலே # அச்சாகியிருந்தது. அடியில் இருந்த நிஜமான விசையில் 3-க்கு மேலே £. இங்கிலாந்து பவுண்டு.

மற்ற விசைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். 2-ல் ஒன்று, மேற்கோள் குறி விசையில் ஒன்று, எண்டர் பக்கத்தில் ஒன்று என்று வரிசையாக உரிந்து வந்தன. அவள் பி.சி.ஏ. முதல் வருஷம். சி புரோகிராம் என்றால் முதல் வரியே # போட்டுத்தான் தொடங்கும். அந்த விசையைத்தான் அதிகம் தட்டியிருக்கிறாள், அதனால் அதன் ஒட்டு முதலில் விட்டிருக்கிறது.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். லேபிளும் ஸ்டிக்கரும் தினமும் என் கையில் புரளும் சரக்கு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு, சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்த பொருள் அது.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் எல்லோரிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி: எந்த கம்பெனி லேப்டாப் நல்லது? பிரஸ்ஸில் டிசைன் பார்க்கும் தம்பி ஒரு பெயரைச் சொன்னார். மச்சினர் அந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் சுளித்தார். அவர் வாங்கியதில் ஒரே வருஷத்தில் திரையை மடக்கும் ஹிஞ்ச் விட்டுவிட்டதாம், அதனால் வேறொரு பெயரைச் சொன்னார். மகளின் பள்ளி ஆசிரியை மூன்றாவதாக ஒன்று. இப்போது யோசித்தால் புரிகிறது. ஒவ்வொருவரும் சொன்னது அவரவர் வாங்கிய ஒரே ஒரு லேப்டாப்பின் கதையைத்தான். கடைசியில் அதிகம் பேர் சொன்ன பெயரை மனதில் போட்டுக்கொண்டு, ஆடித் தள்ளுபடி சமயத்தில் மதுரைக்கு பஸ் ஏறினோம்.

கடையின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. கம்பெனி மேல் எனக்குக் குறையும் இல்லை, ஏமாற்றியது கடைக்காரர்தான்.

நாங்கள் கேட்ட பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “அண்ணே, இந்த கம்பெனிய கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க. பாப்பா படிச்சு முடிக்கிற வரைக்கும் அசையாது” என்றார். ஐ5 பிராசசர் (லேப்டாப்பின் மூளை), 16 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), உலோக உடம்பு. வேறு கடைகளில் இதே ஐ5 என்று காட்டியதெல்லாம் 55,000-க்கு மேல் இருந்தது. இவர் 41,500 என்றார். பெட்டி ஏற்கெனவே பிரித்திருந்தது. கேட்டதற்கு “விண்டோஸ் போட்டு ரெடியா வச்சிருக்கேன்ணே, நீங்க வீட்ல போய் அலையக் கூடாதுல்ல” என்றார். எண்டர் விசை மட்டும் எல் எழுத்தைக் கவிழ்த்த மாதிரி உயரமாக இருக்கிறதே என்று மகள் கேட்டாள். புது மாடல் என்றார்.

பில் கேட்டோம். ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் தனியாக வரும், எதற்கு வீண் செலவு என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார். “லேப்டாப் - 1, 41,500”. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது கடைப் பெயருக்குப் பதில் யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. “நம்ம தம்பி அக்கவுண்டுதான்” என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன்.

இந்தப் பதிவைப் படிப்பவர்கள் இந்த ஒரு இடத்தில் நின்று யோசியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்த்த விலை. அதற்குமேல் வரி தனி என்று ஒருவர் சொன்னாலே அவர் பில் போட விரும்பவில்லை என்று அர்த்தம். முறையான பில்லில் கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று போனிலேயே தெரியும். லேப்டாப்பின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், இந்தப் பொருளை இந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று நிரூபிக்கவே நீங்கள் அல்லாட வேண்டிவரும்.

ஸ்டிக்கர் உரிந்த மறுவாரம் மதுரையில் அந்த கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்த இன்ஜினியர் பையன் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருந்த சீரியல் நம்பரைக் கம்பெனித் தளத்தில் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். விற்பனையான நாடு: இங்கிலாந்து. வாரண்டி முடிந்தது: 2022 செப்டம்பர். “சார், இது ஆபீஸ் யூஸ்ல இருந்து வந்த பீஸ். மூணு வருஷ வாரண்டியும் அங்கயே முடிஞ்சிருச்சு” என்றார். நான் அதை வாங்கியதே 2024 ஜூலையில்.

அவர் இன்னும் இரண்டு விஷயம் காட்டினார். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தார். ஒரு பக்கம் திறந்தது. பேட்டரி புதிதாக இருந்தபோது கொள்ளளவு 51,000 என்றும், இப்போது முழுசாக ஏற்றினால் 26,300 என்றும் இருந்தது. பாதிதான். 588 தடவை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது. கல்லூரி லேபில் ஒன்றரை மணி நேரத்தில் ஆஃப் ஆகிறது என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்தார். 8,140 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 வேலை நாள் என்று வைத்தால் நான்கு வருஷ உழைப்பு. யாரோ முகம் தெரியாத ஒருவர் லண்டனிலோ மான்செஸ்டரிலோ நான்கு வருஷம் வேலை பார்த்த இயந்திரத்தை என் பிள்ளைக்குப் புதுசு என்று கொடுத்திருக்கிறார்கள்.

ஐ5 விஷயமும் அங்கேதான் புரிந்தது. ஐ5 என்பது இன்டெல் கம்பெனி பிராசசர்களில் ஒரு வரிசையின் வெறும் குடும்பப் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்தான் எந்தத் தலைமுறை என்று சொல்லும். எங்களுடையது ஐ5-8365யு, அதாவது எட்டாம் தலைமுறை, 2019-ல் வந்தது. மற்ற கடைகளில் 55,000 சொன்னது ஐ5-1235யு போன்றவை, பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டின் ஸ்டிக்கரிலும் ஐ5 என்றுதான் பெரிதாக இருக்கும். ஏஎம்டி என்ற இன்னொரு கம்பெனியின் ரைசன் பிராசசரிலும் கவனம் வேண்டும். 7520யு என்ற எண்ணில் முன்னால் இருக்கும் 7 புதுசு போலக் காட்டும், ஆனால் மூன்றாவது இலக்கமான 2 அது பழைய ஜென் 2 வடிவமைப்பு என்று சொல்லிவிடும்.

பிராண்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கம்பெனி வீட்டுக்கு ஒரு வரிசையும் ஆபீஸுக்கு ஒரு வரிசையும் பல வருஷமாக விற்றுவருகிறது. டெல்லில் 2025-ல் பெயர்களை மாற்றும்வரை வீட்டுக்கு இன்ஸ்பிரான், ஆபீஸுக்கு லாட்டிட்யூட் என்று இருந்தது. ஹெச்பியிலும் பெவிலியன் வேறு, எலைட்புக் வேறு என்று இருந்தது. லெனோவாவில் ஐடியாபேடும் திங்க்பேடும் அப்படித்தான். திங்க்பேட் 1992-ல் ஐபிஎம் கொண்டுவந்த பெயர், 2005-ல் ஐபிஎம்மின் கணினிப் பிரிவை லெனோவா வாங்கியபோது கூடவே போனது. ஆபீஸ் வரிசை உறுதியானது, பாகம் மாற்றுவதும் சுலபம். அதனால்தான் பெரிய கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிப்பவை லாட் லாட்டாக நம் ஊர்ச் சந்தைக்கு வருகின்றன. பழையது என்று சொல்லி, பழைய விலைக்கு விற்றால் அதில் தப்பே இல்லை. வசதியில்லாத பிள்ளைக்கு அது நல்ல பொருள்தான். எங்களுடையதைப் பழைய லேப்டாப் விற்கும் ஒருவரிடம் காட்டியபோது, 20,000-க்குள்தான் போகும் என்றார். பெயரைச் சொல்லிப் புதுசு என்று விற்றதில்தான் மோசடி. பெயர் உண்மையானது, அதனால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

கடைக்காரரிடம் போனோம். முதலில் எங்களைத் தெரியாத மாதிரி இருந்தார். சீட்டைக் காட்டியதும் “ஒரு மாசம் டெஸ்டிங் வாரண்டிதாண்ணே, அப்பவே சொன்னேன்ல” என்றார். ஸ்டிக்கரைக் காட்டினேன். அதை நாங்களே ஒட்டியிருக்கலாம் என்றார். என் மகள் அதுவரை பேசாமல் நின்றிருந்தாள். அதைக் கேட்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் செய்தி. ஜூலையில் லேப்டாப் வாங்கப் போவதற்கு முன் அந்தக் கடை எண்ணுக்கு மகள் விலை கேட்டிருந்தாள். அவர் லேப்டாப் போட்டோ அனுப்பி “பிராண்ட் நியூ, ஒரு வருஷ கம்பெனி வாரண்டி” என்று பதில் போட்டிருந்தார். போட்டோவில் அந்த உயரமான எண்டர் விசை தெளிவாகத் தெரிகிறது. பணம் அனுப்பிய ரசீதும் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்தோம். கடையிலிருந்து பதிலே வரவில்லை என்றதும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். 2019-ம் வருஷச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், பிரஸ்ஸில் அரை நாள் பெர்மிஷன் போட்டால் போய் வந்துவிடலாம்.

பொங்கலுக்கு முன்னால் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி வேறொரு கடையில் இன்னொன்று வாங்கினோம். இந்தத் தடவை எந்த கம்பெனி என்பதைக் கடைசியில்தான் பார்த்தோம். முதலில் பார்த்தது, பக்கத்தில் எந்த கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது, கோளாறு என்றால் ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதைத்தான். அடுத்து, ராமை பின்னால் கூட்டிக்கொள்ள முடியுமா அல்லது போர்டோடு பற்றவைத்திருக்கிறதா என்று கேட்டோம். சில மலிவான மாடல்களில் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்று ஒன்று போட்டிருப்பார்கள், அது மெதுவானது, மாற்றவும் முடியாது. அதையும் விசாரித்தோம். பெட்டியின் சீலை எங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று சொன்னோம். பெட்டி மேல் இருந்த சீரியல் நம்பரை நான் வாசித்தேன், லேப்டாப்பின் அடியில் இருந்ததை மகள் வாசித்தாள், இரண்டும் ஒன்று. கம்பெனித் தளத்தில் அவளே போனில் அதைப் போட்டு, நாடு இந்தியா, வாரண்டி முழுசாக இருக்கிறது என்று பார்த்தபிறகுதான் பணம் கொடுத்தேன். கடைப் பையன் பொறுமையாக நின்றார். 4-ம் எண் விசையில் டாலருக்குப் பக்கத்தில் ₹ இருந்தது. அவள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

பழைய லேப்டாப் பரணில் இருக்கிறது. அடுத்த விசாரணைக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். உரிந்த ஸ்டிக்கர்களை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, எது எந்த விசையில் இருந்தது என்று மகள் தன் கையெழுத்தில் எழுதி மனுவோடு இணைத்திருக்கிறாள்.