ஆடிக்காற்றில் அணைகிற கேமிங் பிசி: மூன்று வருஷ அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். "மாப்ள, உன்கிட்ட இருக்கிற அதே செட் செகண்ட் ஹேண்டுல வருது, ரைசன் 5 5600 ப்ராசஸர், 3060 கிராபிக்ஸ் கார்டு பன்னிரண்டு ஜிபி, வாங்கலாமா?" ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நாற்பது நிமிஷம் பேசினேன். நடுவில் அவன் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் நான் இன்வெர்ட்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்படியும் ஆறவில்லை, அதனால் மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

வாங்கியது 2022 டிசம்பர். அந்த செப்டம்பரில் எத்திரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு கிரிப்டோ காசு எடுப்பது) முடிவுக்கு வந்து கிராபிக்ஸ் கார்டு விலையெல்லாம் தரைக்கு இறங்கியிருந்த நேரம், அதற்காகவே ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். கார்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. 3060 டிஐ, 3070 வாங்கியவர்கள் எல்லாம் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள், வேகத்தில் அவை மேல்தான். ஆனால் அவற்றுக்குக் கார்டு மெமரி 8 ஜிபி, இதற்கு 12. 2023-இல் வந்த பெரிய ஆட்டங்கள் சிலவற்றில் டெக்ஸ்சரை, அதாவது காட்சியின் நுணுக்கத்தை, கூட்டியதும் 8 ஜிபி கார்டுகள் திக்கித் திணறின, நான் கூட்டிவைத்துவிட்டு நிம்மதியாக ஆடினேன். அந்தச் சின்னச் சந்தோஷம் இன்றுவரை இருக்கிறது.

ரேம் விஷயத்தில் மட்டும் தப்பு முழுக்க என்னுடையது. 3200 என்று அட்டையில் போட்டிருந்த ரேம், பயாஸில் (பிசியின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அட்டையில் போட்ட வேகத்தில் ஓடவிடும் வசதியை, நான் ஆன் செய்யாததால் ஏழெட்டு மாதம் 2133-இல் ஓடியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பெரிய எழுத்தில் தெரியும், நான் பார்க்கவில்லை. ஆன் செய்ததும் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) கொஞ்சம்தான் ஏறியது, ஆனால் திரும்பும்போது வரும் அந்த வெட்டுவெட்டான அசைவு காணாமல் போனது. புதிதாக பிசி வாங்கியவர்கள் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, என் தலைவலிக்கு வருகிறேன். இந்த பிசி திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் விழும்போது வரும் நீலத்திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது, பட்டென்று கறுத்து, ஃபேன் நின்று, மறுபடி பூட் ஆகும். ஆட்டம் ஆடும்போது மட்டும்தான். படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது, எக்ஸெல்லில் நாள் முழுக்க வேலை பார்த்தாலும் ஆகாது, வேலரன்ட் ஆட்டத்தில் இரண்டு அணியும் பன்னிரண்டு பன்னிரண்டு என்று நிற்கும்போது ஆகும். பாதியில் காணாமல் போனவன் என்று எனக்குத் தண்டனை வேறு.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் பார்த்தால் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பிழை. அதை இணையத்தில் தேடினால் பத்தில் எட்டுப் பேர் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பிசிக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியை, மாற்றச் சொல்வார்கள். உண்மையில் அந்த 41 சொல்வது ஒன்றுதான்: ஒழுங்காக மூடாமல் பிசி அணைந்துவிட்டது. அதற்குள்ளே பக்செக் கோடு என்று ஒரு வரி இருக்கும், நீலத்திரை வந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு எண் இருக்கும். என்னுடையதில் எப்போதும் 0. அதாவது என்ன நடந்தது என்று விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் பறிபோயிருக்கிறது. இதை நான் புரிந்துகொண்டது இரண்டு வருஷம் கழித்து.

அதற்கு முன்னால் என்னென்ன செய்தேன் தெரியுமா? டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. எக்ஸ்எம்பிதான் காரணமோ என்று அதை அணைத்து, மறுபடி ஒரு மாதம் வெட்டுவெட்டாக ஆடினேன். தெர்மல் பேஸ்ட், பயாஸ் அப்டேட், விண்டோஸ் புதிதாக. கடைசியில் 6,200 ரூபாய்க்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். அதுதான் என்னை மோசமாகக் குழப்பியது, ஏனென்றால் ரீஸ்டார்ட் பாதியாகக் குறைந்தது. முழுக்க நிற்கவும் இல்லை. நின்றிருந்தால் கண்டுபிடித்தாயிற்று என்று விடலாம், நிற்காவிட்டால் வேறு எங்காவது தேடலாம், பாதியாகக் குறைந்தால் என்ன செய்வது?

பிறகு கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போனேன். கடைக்காரர் நான்கு நாள் வைத்துப் பார்த்தார், ஒருமுறைகூட அணையவில்லை. "தம்பி, மெஷின் தங்கமா இருக்கு" என்று சொல்லி ஐந்நூறு ரூபாய்தான் வாங்கினார். வீட்டுக்கு வந்து மாட்டிய அன்றே அணைந்தது. அவரை மனதுக்குள் திட்டியதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனி, ஆடியில்தான் இது அதிகம். ஊரே குற்றாலச் சீசன், சாரல், குளிர்காற்று என்று குஷியாக இருக்கும், அம்மி பறக்கிறதோ இல்லையோ என் பிசி பறந்துவிடும். வெயில் காலத்தில் அணைந்தால் சூடு என்று சொல்லலாம், குளிரும் காலத்தில் ஏன் அணைகிறது?

இந்த வருஷம் ஆடியில் அம்மாதான் கண்டுபிடித்தாள். "ஏல, ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் டக்குன்னு சத்தம் போடுதுல்லா, அப்பல்லாம் உன் பெட்டி அணஞ்சிருது பாத்தியா?" நான் பார்த்ததில்லை. காதில் எப்போதும் ஹெட்செட். ஃப்ரிட்ஜ் நேர் லைனில் இருக்கிறது, பிசியும் ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டரில். காற்றில் மரக்கிளை கம்பியில் உரசி கரண்ட் ஒரு கண் இமைக்கும் நேரம் போய் வந்தால், ஓடுகிற ஃபேனில் ஒன்றும் தெரியாது, ஸ்டெபிலைசர் டக்கென்று சொல்லிவிடும்.

அன்றைக்கே சோதித்தேன். கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க்கை ஓடவிட்டு மெயினைக் கையால் இறக்கினேன்: ஐந்து தடவையில் நான்கு தடவை பிசி செத்தது. டெஸ்க்டாப்பில் சும்மா நிற்கும்போது அதையே செய்தேன், ஐந்து தடவையும் உயிரோடு இருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர், கரண்ட் போனபின் முழுச் சுமையில் ஏறக்குறைய 16, 17 மில்லிசெகண்ட்தான் தாங்கும், அதற்குள் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறியாக வேண்டும். நம் ஊர்க் கரண்டின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். சுமை குறைவாக இருந்தால் அதே கப்பாசிட்டர் இன்னும் நேரம் பிடித்துவைக்கும். எக்ஸெல்லில் அணையாததற்கும் ஆட்டத்தில் அணைந்ததற்கும் காரணம் இதுதான், நானோ கார்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். புது எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியிருக்கிறது, அதனால்தான் பாதி. கடையில் இருந்ததோ ஆன்லைன் யுபிஎஸ், அதில் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளி என்ற ஒன்றே கிடையாது.

எங்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது, ஒரு பக்கம் யுபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல். கையேட்டைத் தேடி எடுத்தேன்: யுபிஎஸ்ஸில் 15 மில்லிசெகண்டுக்குள் பேட்டரிக்கு மாறும், நார்மலில் 40 வரை ஆகலாம். எங்களுடையது நார்மலில் இருந்தது. தள்ளினேன். மெயினைப் பத்துத் தடவை இறக்கி ஏற்றினேன், பிசி அசையவில்லை. 6,200 ரூபாய், இரண்டு வருஷம், ஒரு பஸ் பயணம், எல்லாம் நகம் அளவு ஸ்விட்சுக்காக.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு கோபத்தோடு எழுதியிருக்க மாட்டேன். மாட்டிக்கொடுத்த எலெக்ட்ரீஷியன் அதை நார்மலில் வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது. யுபிஎஸ் நிலையில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லா வீட்டு மோட்டாரும் ஓடும்போது 170-தான் வருகிறது. அதனால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிறது, உண்மையிலேயே கரண்ட் போகும் ராத்திரியில் ஃபேன் இல்லை. அம்மா சும்மா இருப்பாளா? ஆடும்போது நான் யுபிஎஸ், ஆடி முடித்தால் நார்மல் என்று ஒப்பந்தம். தனியாக ஒரு யுபிஎஸ் வாங்கலாம்தான், இந்த பிசிக்காக இன்னும் ஒரு ரூபாய் செலவழிக்க மனசு வரவில்லை.

பிசி ஒரு குற்றமும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்தில் ஒரு பாகம்கூடப் பழுதாகவில்லை, கழற்றி வைத்த பழைய எஸ்எம்பிஎஸ்கூட நன்றாகத்தான் இருந்திருக்கிறது. 1080பி-யில் நான் கேட்டதையெல்லாம் ஆடிக்காட்டியது. இதே 3060 லேப்டாப்பில் வந்தால் 6 ஜிபி, நான் பெருமைப்பட்டதில் சரிபாதி. சூடும் சத்தமும் வேறு. இதையெல்லாம் நண்பனிடம் வரிசையாகச் சொல்லிவிட்டு, பேசாமல் லேப்டாப்பே வாங்குடா, அதில் பேட்டரி இருக்கு என்று சொல்லிவிட்டேன். அவன் வீட்டுக்கும் எங்கள் டிரான்ஸ்பார்மர்தான். தவிர, அவன் கூப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் அம்மா ஸ்விட்சைத் தள்ளிவைத்தது தெரியாமல் நான் கடைசி ரவுண்டு ஆடிக்கொண்டிருந்தேன்.