மோசலா, ரைன்காவா? ஒயின் ருசிக்க எந்த நதிக்கரை?

ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் வந்துவிட்டோம், ஜெர்மனியின் ஒயின் ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகலாம், எங்கே போவது என்று கேட்பவர்களிடம் நான் ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்பேன்: ராத்திரி தங்குவீர்களா, சாயங்காலமே திரும்ப வேண்டுமா? திரும்ப வேண்டும் என்றால் ரைன் நதிக்கரையிலுள்ள ரைன்காவ். இரண்டு ராத்திரி தங்க முடியும் என்றால் மோசல் நதிக்கரை. இரண்டு இடத்திலும் ரீஸ்லிங் திராட்சைதான் ராஜா. மலைச்சரிவில் கொடிகள், கீழே நதி, நதியில் படகு எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் போய்ப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம்.

வடக்கு நோக்கி ஓடிவரும் ரைன் நதியை வீஸ்பாடன் அருகே டாவுனுஸ் மலை மறிக்கிறது. நதி மேற்கே திரும்பி, சுமார் 30 கி.மீ. ஓடி, ரூடஸ்ஹைமைத் தாண்டித்தான் மறுபடி வடக்கைப் பிடிக்கிறது. அந்த மேற்கு ஓட்டத்தின் வலது கரைதான் ரைன்காவ். சரிவுகள் தெற்கு பார்த்தவை என்பதால் வெயில் நன்றாக விழும். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மலை தடுத்துவிடும். அகலமான நதி, நிதானமான சரிவு, நடுநடுவே மாளிகைகளும் மடங்களும். 1136-இல் சிஸ்டெர்ஷியன் துறவிகள் தொடங்கிய எபர்பாக் மடத்தில், அவர்கள் திராட்சை பிழியப் பயன்படுத்திய ராட்சத மரச் செக்குகள் இன்றும் நிற்கின்றன.

மோசல் நேராக ஓடத் தெரியாத நதி. கோஹெம் ஊரில் ரயில் 4.2 கி.மீ. சுரங்கத்துக்குள் நுழைந்து அடுத்த ஊரில் வெளியே வந்துவிடும். அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே நதி 20 கி.மீ.க்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு வளைவிலும் வெயில் படும் பக்கம் முழுக்கத் திராட்சை, படாத பக்கம் காடு. ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்து. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்த குட்டி வண்டியில்தான் ஆளும் கூடையும் ஏறி இறங்குகின்றன. காட்சிக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மோசல்தான். ரைன் பக்கம் இதற்கு ஈடு சொல்ல வேண்டுமானால், ரூடஸ்ஹைமில் படகேறி லோரலை பாறை வரை போய்வரலாம். 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு அது, கண்டிப்பாக அழகு. ஆனால் இரண்டு கரையிலும் ரயில் பாதை ஓடுவதால், அங்கே தங்கினால் ராத்திரி சரக்கு ரயில் தாலாட்டும்.

ஒயினுக்கு வருவோம். மோசலின் மண் கறுத்த ஸ்லேட் கல் சில்லு. பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குத் திருப்பித் தரும். அதில் விளையும் கபினெட் வகை ஒயின் லேசானது, பல நேரம் 8, 9 சதவீத ஆல்கஹால்தான். கொஞ்சம் இனிப்பு, அதை வெட்டும் புளிப்பு. பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி இருக்கும். ரைன்காவ்காரர்கள் இப்போது பெரும்பாலும் ட்ரோக்கன், அதாவது இனிப்பே தெரியாத வகை, 12 சதவீதத்தை ஒட்டி, வாய் நிறைந்து நிற்கும். பழக்கமில்லாதவர்களுக்கு அது வெறும் புளிப்பாகப் படலாம். புதிதாகக் குடிப்பவர்கள் பாட்டில் சீட்டில் ‘ஃபைன்ஹெர்ப்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், லேசான இனிப்பு இருக்கும்.

தாமதமாகப் பறித்த திராட்சையின் பெருமை மட்டும் ரைன்காவுக்கு. 1775-இல் யோஹானிஸ்பெர்க் மாளிகைக்கு அறுவடை அனுமதி கொண்டுவர வேண்டிய குதிரைத் தூதர் வாரக்கணக்கில் தாமதித்தார். பழம் பூஞ்சை பிடித்துச் சுருங்கியே போனது. பிழிந்தால் அமிர்தம் என்று கதை. அவருக்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள். தாமதமாக வந்ததற்குச் சிலை வாங்கியவர் வேறு யாராவது உண்டா தெரியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் ரைன்காவ் என்னை விலைக்கே வாங்கிவிட்டது. எல்ட்வில, ஹாட்டன்ஹைம் போன்ற ஊர்களில் கோடைக்காலத்தில் நதிக்கரையிலேயே ஒயின் கடை போடுவார்கள். ஊரின் திராட்சைத் தோட்டக்காரர்கள் முறை வைத்து ஆளுக்குச் சில நாள் ஊற்றுகிறார்கள். கண்ணாடிக் கிளாஸுக்கு முன்பணம் கட்டி, சின்ன அளவாக வாங்கி, ஆற்றைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் கூடையிலிருந்து ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய், ஒரு சின்னக் கத்தி என்று எடுத்துப் பரப்பியது. சாப்பாடு நாமே கொண்டுபோகலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. முன்பதிவும் வேண்டாம். மோசலில் நேராகத் தோட்டக்காரர் வீட்டுக்கே போய் ருசிப்பதுதான் வழக்கம். முதலில் போன் செய்துவிட்டுப் போக வேண்டும், ஆறேழு வகை ருசித்துவிட்டு இரண்டு பாட்டிலாவது வாங்காமல் எழுந்திருக்க மனம் வராது.

சாப்பாடு? இரண்டு பக்கமும் தோட்டக்காரர்கள் வருஷத்தில் சில மாதம் மட்டும் திறக்கும் வீட்டுக் கடைகளைத் தேடுங்கள். திறந்திருந்தால் வாசலில் துடைப்பமோ பச்சைக் கொத்தோ தொங்கும். சைவக்காரர்களுக்கு ரைன்காவ் கொஞ்சம் சௌகரியம்: ஷ்புண்டகேஸ் என்று, வெங்காயமும் பாப்ரிகா மிளகாய்ப் பொடியும் சேர்த்த மெத்தென்ற பாலாடைக்கட்டி, உப்பு பிரெட்செலில் தொட்டுச் சாப்பிடுவது. மோசலின் உருளைக்கிழங்கு துருவல் கேக்கில் பன்றிக்கொழுப்பு ஒளிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் புளித்துக்கொண்டிருக்கும் கலங்கலான ‘ஃபெடர்வைஸர்’ இரண்டு இடத்திலும் கிடைக்கும், வெங்காய கேக்கோடு. காற்று வெளியேற மூடியை இறுக்காமல் விட்டிருப்பார்கள். தெரியாமல் பாட்டிலைப் பையில் படுக்க வைத்து, ஒரு ஸ்வெட்டரைத் திராட்சைச் சாற்றில் ஊறப்போட்டவன் நான்.

எந்த ஊர் என்றால், ரூடஸ்ஹைமின் 144 மீட்டர் நீள ட்ரோசல் சந்தில் கூட்டமும் பாட்டுச் சத்தமும்தான். கம்பிவட ஊர்தியில் தோட்டங்களுக்கு மேலே போய்விட்டு எல்ட்வில திரும்புங்கள். மோசலில் எல்லோரும் கோஹெமுக்கும் பெர்ன்காஸ்டலுக்கும் ஓடுவார்கள். பெர்ன்காஸ்டலுக்கு ரயிலே கிடையாது, விட்லிஹ் நிலையத்தில் இறங்கி பஸ். நான் சொல்வது ட்ராபன்-ட்ரார்பாக். புல்லாயில் மாறினால் கிளை ரயில் ஊருக்குள்ளேயே கொண்டுவிடும். 1900 வாக்கில் ஒயின் வியாபாரத்தில் கொழுத்த ஊர், கட்டிடக் கலைஞர் ப்ரூனோ மோரிங் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன.

மோசலுக்குப் போக கோப்ளென்ஸில் ரயில் ஏறும்போது இடதுபக்க ஜன்னல் பிடியுங்கள், நதி அந்தப் பக்கம்தான்.